கடைசிப் பந்தி

காய் சாப்பிடாதவர்களுக்கு அந்தக் குக்கர் சோறு போடாது. சோற்றுக்கு முன் காய் சாப்பிட்டால் ரத்தத்தில் சர்க்கரை ஏறாதாம். அதனால் ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் கட்டியிருக்கும் பட்டையைப் பார்க்கும்; காய் வயிற்றுக்குள் போயிருந்தால்தான் மூடியைத் திறந்து அவரவர் பங்கைத் தரும். கணவர், மாமியார், பிள்ளைகள் என்று எல்லோரும் சாப்பிட்டு எழுந்தபின் செண்பகம் உட்கார்ந்தாள். பீன்ஸ் பொரியல் சட்டியில் கடுகும் கறிவேப்பிலையும்தான் மிச்சம். அதை வழித்து வாயில் போட்டுக்கொண்டு கையை நீட்டினாள். மூடி அசையவில்லை.

"இன்னைக்கும் எனக்கு சுகர் ஏறல. நீ சாப்ட்டியா?" கூடத்திலிருந்து கணவர் கேட்டார்.

"ஆச்சுங்க."

எழுந்து மறுபடி காய் நறுக்க உடம்பில் தெம்பில்லை. ரசப் பாத்திரத்தின் அடியில் கிடந்ததை டம்ளரில் ஊற்றிக் குடித்தாள்.

குக்கர் கனிவாகப் பேசியது: "வாழ்த்துகள். இந்த வாரமும் இந்த வீட்டில் சர்க்கரை ஏறாமல் இருப்பதில் நீங்கள்தான் முதலிடம்."