நாமினி யாரு?

"லிக்விடிட்டின்னா என்னன்னு தெரியுமா உங்களுக்கு?"

ஜெப்சன் கேட்ட தோரணையில் பிரீனாவுக்குச் சுரீரென்று கோபம் வந்தது. குவைத் ஆஸ்பத்திரியில் வருஷக்கணக்காக நைட் டியூட்டி பார்த்துக் காசு சேர்த்தவளுக்கு இந்த ஒரு சொல்லா தெரியாது? இருந்தாலும் தெரியாது என்று தலையாட்டி வைத்தாள். இவன் எதுவரை போகிறான் என்று பார்க்கலாமே.

"நெனச்ச நேரம் பணமா மாத்த முடியணும். அதான் லிக்விடிட்டி. லாக்கர்ல கெடக்க உங்க நகை என்ன செய்யுது? சும்மா ஒறங்குது."

சென்னையில் நிதி ஆலோசகனாம். கருங்கல் ஊர் வெயிலில் கோட்டு மாட்டிக்கொண்டு வந்திருந்தான். காதோரம் வியர்வை வழிந்தது; வாய் மட்டும் ஓயவில்லை. கூட வந்திருந்த இருவரும் அவன் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார்கள். அப்பா சத்தியநேசனும் சேர்ந்து ஆட்டினார். ரப்பர் ஷீட் வியாபாரத்தில் எவனிடமும் ஏமாறாத மனுஷன், நாலு இங்கிலீஷ் வார்த்தைக்கு வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்ததுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

ஜெப்சன் டைவர்சிஃபிகேஷனுக்குத் தாவினான். பணத்தை ஒரே இடத்தில் முடக்காமல் பிரித்துப் போட வேண்டும் என்றான். அதற்கு மார்த்தாண்டத்தில் அவள் வாங்கிப் போட்டிருந்த மனையை விற்கலாம் என்றான். உங்கள் ஃபைனான்ஷியல் கோல் என்ன என்று கேட்டுவிட்டு, அவள் வாயைத் திறக்கும் முன் பதிலையும் அவனே சொன்னான்: சென்னையில் ஒரு ஃபிளாட். ரிஸ்க் என்றால் பயப்படக் கூடாதாம். யார் காசில் யார் ரிஸ்க் எடுப்பது என்பதை மட்டும் சொல்லவில்லை.

"டெபாசிட்டுக்கு நாமினி யாரு?"

"அப்பாதான்."

"மாத்தணும்."

சத்தியநேசனின் தலை ஒரு கணம் ஆடாமல் நின்றது. பிறகு மறுபடியும் ஆடத் தொடங்கியது.

"செய்யலாம் மக்ளே. படிச்ச பிள்ள வெவரமாத்தான் சொல்லும்."

பிரீனா காய்ச்சலோடு வார்டில் நின்று சம்பாதித்த காசு அது. இன்று 'சரி' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அத்தனையும் இந்தக் கோட்டுக்காரன் கைக்குப் போய்விடும். அப்பாவோ அந்தச் 'சரி' எப்போது விழும் என்று அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"லாக்-இன் உண்டா?" என்றாள்.

அவள் கேட்ட முதல் கேள்வியில் ஜெப்சனுக்குக் குஷி பிறந்துவிட்டது. லாங் டெர்ம்தான், நடுவில் கை வைக்க முடியாது, பொறுத்திருந்தால்தான் பலன் என்று அளந்தான்.

"நடுவுல வெளிய போனா?"

"எக்ஸிட் லோடு கட்டணும். பாதியில விட்டுட்டுப் போறதுக்கு ஒரு அபராதம்."

"ஆரம்பிக்கதுக்கு முன்னாலயே வேண்டாம்னு சொன்னா?"

"அதுக்கு ஒண்ணும் கெடையாது," என்று சிரித்தான்.

பிரீனா எழுந்தாள். தட்டில் மிச்சமிருந்த முந்திரிக்கொத்தை அவன் பக்கம் தள்ளி வைத்தாள்.

"அப்பா, சபையில கல்யாண அறிக்கை வாசிக்காண்டாம்னு போதகர்ட்ட சொல்லிருங்க. மாப்பிள்ள வீட்டுக்காரங்க பலகாரத்தத் தின்னுட்டு எறங்கட்டும்."