மிச்ச ஈரல்

டீக்கடை பொன்னுத்துரை, காலையில் தான் விற்ற குட்டியின் ஈரலை வாங்கத் தானே வந்து நின்றார். பிள்ளை பெற்ற மகளுக்கு வேண்டுமாம். கறிக்கடை உதுமான், அறுத்துத் தொங்கவிட்ட குட்டியின் வயிற்றைக் கீறிக் கையை விட்டார். தலை என்னவோ வளர்ந்த ஆட்டின் தலைதான். ஈரல் ஒரு வெற்றிலை அகலம்கூட இல்லை. இப்படி ஒன்றை அவர் கை இதுவரை தொட்டதில்லை. எடுத்து இலையில் வைத்தார்.

"மிச்சத்த எங்க ஒளிச்சீரு, பாய்?" என்றார் பொன்னுத்துரை.

உதுமானுக்குக் காது மடல் சுட்டது. குட்டியை விடாமல் பின்னாலேயே வந்த தாயாடு வாசலில் கத்திக்கொண்டிருந்தது. குட்டி வாய் வைக்காதிருக்கக் காம்பில் அப்பிய சாணி காய்ந்து வெடித்திருந்தது.

"மிச்ச ஈரலத்தான் பாலாக் கறந்து தெனமும் டீயில ஊத்தி வித்தீரே. எங்கிட்ட கேக்கீரு."

"சாணி எல்லாரும் தடவுறதுதான். பொறவு தழை அள்ளிப் போட்டேன்லா."

"ஈரல் வளர்ற நாளு போன பொறவு போட்டு என்னத்துக்கு வே?"

பொன்னுத்துரை இலையை மடித்துக்கொண்டு போனார். உதுமான் செம்பில் தண்ணீர் மொண்டுபோய், ஆட்டின் மடிக்கடியில் உட்கார்ந்து, சாணியைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். காம்பிலிருந்து பால் சொட்டியது. ஆடு கத்துவதை நிறுத்திவிட்டு, இரத்தம் காயாத அவர் கையை முகர்ந்தது.