தண்ணீர் கேட்காத தோட்டம்

“இன்னும் ரெண்டு மாசம்தான்மா. அப்புறம் நான் இல்லாமலே இந்தத் தோட்டம் பிழைச்சுக்கணும்,” என்றாள் வீட்டுக்காரி.

தோட்டம் அமைத்துத் தர வந்திருந்த பெண்ணின் பார்வை மேசைக்குப் போனது. அங்கே ஆஸ்பத்திரிக் கவர் ஒன்று கிடந்தது.

“புல்தரையை எடுத்துடலாம்மா. அதுதான் தண்ணியெல்லாம் குடிக்குது. இந்த மண்ணுலயே வளர்ற ஆவாரை, நொச்சி வைக்கலாம். மாடியில விழற மழைத் தண்ணியை வேர்ப்பக்கம் திருப்பிவிட்டு, சருகு போட்டு மூடிடலாம். ஒரு மழைக்காலம் தாண்டிட்டா அதுங்களே பிழைச்சுக்கும்.”

“அதுவரைக்கும்?”

“நான் வந்து ஊத்தறேன். நீங்க மனசை மட்டும் விட்டுடாதீங்க. டாக்டர் சொல்றதெல்லாம் நடந்துடாது.”

வீட்டுக்காரி புரியாமல் விழித்தாள். பிறகு கவரைப் பார்த்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தாள்.

“அடி பைத்தியமே! உடம்பு கல்லு மாதிரி இருக்குன்னு டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கார். கப்பல்ல சமையல் வேலை கிடைச்சிருக்கு எனக்கு! என் வீட்டுக்காரர் ஆசையா போட்ட புல்லு வாடிடுமேன்னுதான், அவர் கண்ணை மூடினப்புறமும் ஊரைத் தாண்டாம கிடந்தேன்.”

அசடு வழியக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தப் பெண் மண்வெட்டியை எடுத்தாள். வீட்டுக்காரி அதை வாங்கிக்கொண்டு புல்தரையில் இறங்கினாள்.

“நகரு, முதல் வெட்டு நான்தான் வெட்டுவேன்.”