தெருவைக் கடந்தவர்

காரின் பின்கண்ணாடி பொலபொலவென்று இருக்கையில் கொட்டியபோதுதான் அவளுக்குப் புரிந்தது. அப்பா மறுபடியும் தாவிவிட்டார்.

"தலையைக் குனிஞ்சுக்க பாப்பா," என்றார் டிரைவர் மாமா. "உங்கப்பாவை நம்ம ஆபீஸ் வாசல்ல இறக்கிவிட்டுட்டுத்தானே உன்னைக் கூட்டிட்டு வர ஸ்கூலுக்கு வந்தேன்? அதுக்குள்ள ரோட்டைத் தாண்டி எதிர்த்த ஆபீஸுக்குள்ள போயிட்டாராம். என்கிட்டகூட ஒரு வார்த்தை சொல்லலை."

இரண்டு கட்சி அலுவலகங்களும் ஒரே தெருவில் எதிரும் புதிருமாக நின்றன. நாலு வருஷத்துக்கு முன்னால் அங்கிருந்து இங்கே வந்தபோதும் அப்பா இதே தெருவைத்தான் கடந்தார். அதற்கும் முன்னால் வேறு இரண்டு கட்சிகள். ஊர் அவருக்கு வைத்த பெயர் தவளை. பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பெயர் தலைப்பிரட்டை. "இன்னிக்கு உங்கப்பா எந்தக் குளத்துலடி?" என்று யாராவது கேட்காமல் காலை மணி அடிக்காது.

அடுத்த கல் விழுவதற்குள் மாமா அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு எதிர்ப்பக்க அலுவலகத்துக்கு ஓடினார். புத்தகப் பை முதுகில் இடித்துக்கொண்டே வந்தது. "துரோகி பெத்தது போகுது பாரு," என்றது பின்னால் ஒரு குரல். போன வாரம் வீட்டுக்கு வந்து அவள் கையால் தண்ணீர் வாங்கிக் குடித்த ஆளின் குரல் அது.

உள்ளே ஒரே கைதட்டல். ஜன்னலோர நாற்காலியில், இப்போதுதான் எழுந்துபோய்க் கை கழுவி வந்தவர் மாதிரி அப்பா உட்கார்ந்திருந்தார். சட்டையில் காலையில் குத்திய சின்னம் அப்படியே இருந்தது. அந்தக் கட்சியின் செயலாளரே அதைப் பிடுங்கி எறிந்துவிட்டுத் தங்கள் சின்னத்தைக் குத்திவிட்டார். அப்பா குனிந்து பார்த்துக்கொண்டார்.

"என் மூக்குக்கண்ணாடி எங்கய்யா? நேத்து இந்த மேசை மேலதானே வெச்சிட்டுப் போனேன்?"

கூடம் அதிர்ந்தது. "நாலு வருஷத்தை நேத்துங்கறாரு, கேட்டீங்களாய்யா? இந்த வாய்க்குத்தான் அவனுங்களுக்கு வயிறு எரியுது," என்று செயலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஆட்கள் வரிசையில் வந்தார்கள். ஒவ்வொருவர் கையையும் அப்பா தன் இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டு, "அப்பா நல்லா இருக்காரா?" என்று சிரித்தபடி கேட்டார். கேட்கப்பட்டவன் உருகிப்போனான்.

அது அவருடைய பழைய வித்தை. "ஆளைத் தெரியலைன்னு மட்டும் காட்டிக்கவே கூடாது. அவங்கப்பாவை விசாரிச்சிட்டாப் போதும், மிச்சத்தை அவனே கொட்டிடுவான்," என்று ஒருநாள் சாப்பிடும்போது அவளிடம் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு இரண்டு பேரும் புரையேறும்வரை சிரித்தார்கள்.

இன்றைக்கு அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. போன தடவை அவர் தாவியபோது வகுப்பில் யாரோ அவள் சீருடை முதுகில் மையைக் கொட்டிவிட்டார்கள். அப்பாவே குழாயடியில் உட்கார்ந்து அதைக் கசக்கினார். கசக்கக் கசக்க மை பரவியதே தவிர போகவில்லை.

"இதுதான் கடைசி," என்றார் ஈரக்கையோடு. "இனிமே தாவினா, நீ என்னை அப்பான்னே கூப்பிட வேணாம்."

ஊரே நம்பாத அந்த வாயை அவள் ஒருத்தி நம்பினாள்.

பின்வாசல் வழியாகச் செயலாளரின் கார் அவர்களை ஏற்றிக்கொண்டது. முன்னிருக்கையில் டிரைவர் மாமா ஏறிக்கொண்டார். கைகளை அவள் புத்தகப் பைக்கு அடியில் ஒளித்துக்கொண்டாள். வீட்டு ஜன்னல்கள் மிஞ்சியிருக்குமா, நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் எந்த முகத்தோடு போய் நிற்பது, ஒன்றும் தெரியவில்லை. ஒன்றை மட்டும் முடிவு செய்திருந்தாள். அந்த வார்த்தை இனி தன் வாயிலிருந்து வராது.

"ஏன் இப்படிப் பண்ணீங்க?" என்றாள்.

அவர் நகர்ந்துபோகும் கடைகளைப் புது ஊரைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு வந்தார்.

"எனக்குக் குடுத்த வாக்கையாவது காப்பாத்துவீங்கன்னு நினைச்சேன். எனக்குப் பயமா இருக்கு. ஏதாவது பேசுங்க."

அவர் மெல்லத் திரும்பினார். அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு பைக்கு அடியிலிருந்து அவள் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டு, கூடத்தில் சிரித்த அதே சிரிப்பைச் சிரித்தார்.

"அப்பா நல்லா இருக்காராம்மா?"