கை படாத கன்னம்

கண்ணாடி முன்னால் நின்று தன் கன்னத்தில் தானே பளாரென்று அறைந்துகொண்டார் அவர். சத்தம் திருப்தியாக இல்லை. தலையைக் கொஞ்சம் சாய்த்து இன்னொன்று வைத்தார். இப்போது சரியாக விழுந்தது.

முப்பத்தோரு வருடமாக அவருக்குப் பிழைப்பே அதுதான். சினிமாவில் எந்த நாயகனுக்குக் கோபம் வந்தாலும் முதலில் சிவப்பது இவர் கன்னம். கொட்டகையே உருண்டு சிரிக்கும். போஸ்டரில் பெயர் வராவிட்டாலும், 'அறைவாங்கி' என்றால் சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

வம்பே அதில்தான். பள்ளிக்கூடத்தில் ஒருவன், "அறைவாங்கி பேத்திதானே நீ?" என்று கேட்டு, பேத்தியின் கன்னத்தில் ஒன்று வைத்தே விட்டான்.

"இன்னொரு படத்துல நீங்க அடி வாங்கினா என் வீட்டுப் பக்கம் வராதீங்கப்பா" என்று மகள் தீர்த்துச் சொல்லிவிட்டாள். இவரும் பலமாகத் தலையாட்டிவிட்டு, மறுநாளே இந்தப் படப்பிடிப்புக்கு வந்து நின்றார். வேறு வேஷம் யார் தருகிறார்கள்?

மேக்கப் அறைக் கதவைத் தட்டிவிட்டு நாயகன் உள்ளே வந்தான். பெரிய நடிகரின் மகன். இது மூன்றாவது படம்.

"அங்கிள், இன்னைக்கு சீன்ல நான் உங்களை அறைய மாட்டேன். டைரக்டர்கிட்ட சொல்லிட்டேன்."

"ஏன் தம்பி? நான் ரெடியாத்தானே இருக்கேன்."

"எங்கப்பா கை பட்ட கன்னம் அங்கிள் அது. அதுல போய் நான் கை வைக்கிறதா?"

அவர் கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். இவன் அப்பா அறுபது அறை விட்டிருப்பார். ஒரு தரமாவது 'வலிச்சுதா' என்று கேட்டதில்லை.

போகிற போக்கில் நாயகன் அவர் முதுகைப் பரிவோடு தடவினான். "இடுப்பு வலி, கிடுப்பு வலி எதுவும் இல்லையே அங்கிள்?"

"சேச்சே! கல்லு மாதிரி இருக்கேன் தம்பி."

கதவு சாத்தியதும் மகளுக்குப் போன் போட்டார். "உங்கப்பனை இனிமே எவனும் அறைய மாட்டான்மா. இன்னைக்குத்தான் எனக்கு மரியாதைன்னு ஒண்ணு கிடைச்சிருக்கு."

மறுமுனையில் மகள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "நிஜமாவாப்பா? அப்ப படம் ரிலீஸாகுற முதல் நாளே குழந்தையைக் கூட்டிட்டுப் போறேன். அவ கிளாஸ் பிள்ளைங்களையும் கூட்டிட்டுப் போறேன். நல்லா பாக்கட்டும்!"

"ஒருத்தர் விடாம கூட்டிட்டுப் போ!" என்றார். முப்பத்தோரு வருடமாகக் கூனியிருந்த தோள் தானாக நிமிர்ந்தது.

போனை வைப்பதற்குள், உதவி இயக்குநர் பெண் ஒரு தடித்த பஞ்சுத் திண்டோடு ஓடி வந்தாள்.

"அண்ணே, இதை பேன்ட்டுக்குள்ள பின்பக்கமா வச்சுக் கட்டிக்கோங்க. சீன் மாறிடுச்சு."

"தெரியும்மா. தம்பி என் மேல கை வைக்க மாட்டேன்னுட்டாரு, இல்ல?"

"ஆமாண்ணே. எட்டி உதைக்கிறாராம்."