முற்றத்தில் கிளடிஸ்

"என்ன எழுதி வைச்சிருக்கிறாங்கள்? வாசி."

இராஜரட்ணம் சுத்தியல் முனையால் பலகையைத் தட்டிக் காட்டினார்.

சண்முகநாதனுக்கு வாய் கூசியது. பக்கத்து வீட்டுக்காரர், கோயில் சபையின் செயலாளர். ஆஸ்பத்திரிக் கடிதம், பென்சன் கடிதம், நகரசபைக் கடிதம், எது வந்தாலும் ஏழு வருடமாக இராஜரட்ணத்துக்கு வாசித்துச் சொல்லி வருபவர் அவர்தான். இதை மட்டும் வாசிக்க மனம் வரவில்லை.

பள்ளிக்கூட சபைத் தேர்தலுக்கு நிற்கும் கிளடிஸின் படம் அது. ஜமெய்க்காவில் இருந்து வந்தவள். பல் தெரியச் சிரித்த முகம். அந்த முகத்தின் மேல் யாரோ தடித்த மையால் இரண்டு சொல் கிறுக்கி, பலகையைப் பிடுங்கிக் குப்பை வாளிக்குள் தலைகீழாகச் செருகிவிட்டுப் போயிருந்தார்கள்.

இது மூன்றாம் தரம். முதல் இரண்டு தரமும் கிழவர் இராஜரட்ணம் பிளாசாவில் இருந்த அவளது தேர்தல் அலுவலகத்துக்கு நடந்து போய், சைகை காட்டிப் புதுப் பலகை வாங்கி வந்தார். இந்தத் தரம் அங்கே பலகைகள் முடிந்துவிட்டன. திங்கட்கிழமை வாக்கெடுப்பு.

"ஒண்டு அவளின்ர நிறத்துக்கு. மற்றது..." சண்முகநாதன் குரலைத் தணித்தார். "மற்றது அவள் பொம்பிளையோட குடும்பம் நடத்திறதுக்கு. விளங்கிச்சுதோ?"

விளங்காமல் என்ன. ஐந்தாம் வகுப்போடு நின்றவர்தான். ஆனாலும் திட்டி எழுதின எழுத்தைப் பார்த்தால் அவருக்குத் தெரியும். அது எந்தப் பாஷையிலும் கோழி கிளறினது போலத்தான் இருக்கும்.

குளியலறை அலுமாரியில் மூன்று வருடமாக யாரும் தொடாமல் கிடந்த, நகப்பூச்சு அழிக்கிற போத்தலைக் கையோடு கொண்டு வந்திருந்தார். பழைய பெனியன் ஒன்றில் அதை ஊற்றி, கிளடிஸின் கன்னத்தைத் துடைக்கத் தொடங்கினார்.

"அண்ணை, சொல்லுறதைக் கேளுங்கோ. உதைக் கொண்டுபோய் எறியுங்கோ. பின்னேரம் சபைக் கூட்டம் என்ர வீட்டில. வாற சனம் முழுக்க உங்கட முற்றத்தைத் தாண்டித்தான் வரவேணும். உது நிண்டால் இனி நான் உங்கட வாசல் மிதிக்க மாட்டன். கடிதம் வாசிக்கவும் வேறை ஆளைப் பாருங்கோ."

சண்முகநாதன் சும்மா சொல்கிறவர் அல்ல. சொன்னால் செய்வார். அவர் வராவிட்டால் டொக்டரிடம் போகக் கார் இல்லை. மனைவி செத்துப்போன வீட்டில் கதைக்க ஒரு தமிழ் வாய் இல்லை. பனி விழத் தொடங்கினால் கதவைத் தட்ட ஒரு ஆளும் இல்லை.

கிழவருக்கு இதெல்லாம் நன்றாகத் தெரியும். துடைத்துக்கொண்டே இருந்தார்.

அரசியல் என்று வாய் திறப்பவர்களில் ஒருவரையும் அவர் நம்பியதில்லை. ஊரிலும் இல்லை, இங்கேயும் இல்லை. பள்ளிக்கூட சபை என்ன செய்கிறது என்று கேட்டால் அவருக்குத் தெரியாது.

"ஆரும் வெருட்டி உதை நடச் சொன்னவங்களோ?" என்று கேட்டார் சண்முகநாதன்.

"இந்த வயசில என்னை வெருட்ட நீ ஒருத்தன்தான் வந்து நிக்கிறாய்."

"போயும் போயும் ஒரு கறுப்பிக்கு..."

"நீ என்ன, பாலிலயோ குளிச்சனி? கண்ணாடியில மூஞ்சையைப் பாத்தனியோ?"

"பகிடி விடாதேங்கோ அண்ணை." சண்முகநாதன் கிட்ட வந்தார். "அவளோட இருக்கிறது எங்கட பெட்டை ஒண்டாம். தமிழ்ப் பெட்டை. பேர்தான் ஒருத்தருக்கும் தெரியேல்லை. பெத்த தேப்பன் இந்நேரம் தூக்கில தொங்கியிருப்பான்."

இராஜரட்ணத்தின் கை நின்றது.

எழுத்து முழுதாகப் போகவில்லை. கன்னத்தில் சாம்பல் நிழலாக ஒட்டிக்கிடந்தது. பரவாயில்லை, முகம் தெரிந்தது. பலகையின் கட்டையைப் புல்லில் ஊன்றினார். நவம்பர் மாத நிலம் கல்லாய் இறுகியிருந்தது. சுத்தியலை ஓங்கி ஒன்று போட்டார்.

"தொங்கேல்லை" என்றார். "உனக்கு முன்னால நிண்டு கட்டை அடிக்கிறான்."

மகள் நிரூபாவுக்கு ஒட்டாவாவில் வேலை என்று கிழவர் சொன்னதை நம்பி, அவளுக்கு இரண்டு தரம் சம்பந்தம் பேசி வந்தவர் சண்முகநாதன்.

கிழவர் இன்னொன்று அடித்தார்.

பலகையில் இருந்த இரண்டு சொல்லும் அவருக்குப் புதிதல்ல. மூன்று வருடத்துக்கு முன், இதே வீட்டுக்குள், மகளின் முகத்தைப் பார்த்து அவரே தமிழில் சொன்னவை. கிளடிஸும் பக்கத்தில் நின்றாள். அவளுக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

சண்முகநாதன் திரும்பி நடந்தார். தன் வாசலுக்குப் போய்ச் சேர்ந்து, திறப்பைப் பூட்டில் போட்டார். திறக்காமல் திரும்பி வந்தார்.

"அண்ணை."

பிடுங்கத்தான் வருகிறான் என்று நினைத்து, இராஜரட்ணம் சுத்தியலை இறுக்கிப் பிடித்தார்.

"வலப்பக்கம் சரிஞ்சு நிக்குது. றோட்டால போற சனத்துக்கு முகம் தெரியாது. ஒருக்கா நிமித்தி அடியுங்கோ."

கிழவர் உடனே நம்பிவிடவில்லை. நாலு அடி பின்னுக்குப் போய், தலையைச் சாய்த்து, தானே பார்த்தார்.

சரிந்துதான் நின்றது.