வாசலில் எறும்புச் சாரை

பராமரிப்பே வேண்டாம் என்றார்களே என்றுதான் மங்கையர்க்கரசி அந்தத் தோட்டத்தை வீட்டைச் சுற்றி அமைத்தாள். நீர் பாய்ச்சுவது, களையெடுப்பது எல்லாம் தோட்டமே பார்த்துக்கொண்டது. சின்ன உயிர்கூட நசுங்கிவிடாமல் வீட்டுக் கதவுகளையும் அதுவே திறந்து மூடியது.

காலையில் பச்சரிசி மாவில் கோலம் போட்டுவிட்டு அவள் மருந்துக்கடைக்குப் போனாள். திரும்பியபோது கோலத்திலிருந்து ஓர் எறும்புச் சாரை கதவிடுக்கு வழியாக உள்ளே போய்க்கொண்டிருந்தது.

“எறும்புகள் கடக்கின்றன. காத்திருக்கவும்” என்றது தோட்டம்.

உள்ளே ஆறு வயது மகள் யாழிசைக்கு மூச்சிழுப்பு. இன்ஹேலர் இவள் கையில். ஜன்னல் கண்ணாடியில் கல்லை எறிந்தாள், கீறல்கூட விழவில்லை. மாவு இல்லாவிட்டால் எறும்பு போய்விடும் என்று கோலம் முழுவதையும் முந்தானையால் வழித்துத் துடைத்தாள். சாரை குறையவில்லை. இன்னும் தடித்தது.

“கண்ணு, கொஞ்சம் பொறுத்துக்கோடி! அம்மா இங்கதான் இருக்கேன்!”

“அழாதம்மா...” கதவுக்குப் பின்னால் குழந்தை மூச்சுக்குத் திணறியபடியே சொன்னாள். “எறும்பெல்லாம் சீக்கிரம் உள்ள வரட்டும்னு... சர்க்கரை டப்பாவக் கொட்டிட்டேன்.”

“ஐயோ, அள்ளுடி! அள்ளித் தூரப் போடு கண்ணு!”

பதில் வரவில்லை. வேலியோரத்திலிருந்து இன்னொரு சாரை கிளம்பி வந்துகொண்டிருந்தது.